வீட்டில பற்றறியள் எல்லாத்துக்கும் சார்ஜ் போட ஒரு பாதுகாப்பான இடம் – எப்பிடிச் செய்யிறது?

ஒட்டுசுட்டான்_வயல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீடு முன்னுக்கு ஓடு, பின்னுக்கு சாமான் அறை தகரம். இப்ப எண்ணிப் பாத்தா சார்ஜ் போடுற சாமான் மட்டும் மூண்டு போன், மருந்தடிக்கிற மிசின் ரெண்டு, ஒண்டு பழசு ஈயப் பற்றறி மற்றது போன வருசம் எடுத்த லித்தியம், யானைக் காவலுக்குத் தலையில கட்டுற லைற் மூண்டு, தம்பியின்ர ட்ரில் பற்றறி ரெண்டு, மகளின்ர விளையாட்டுச் சாமானுக்குப் போடுற பென்ரோச் பற்றறி நாலு. எல்லாம் குசினிக்குப் பக்கத்து அறையில ஒரே மல்ரி பிளக்கில, இரவு குத்தினா விடியக் கழட்டுறது, இதுதான் வழமை.

போன கிழமை விடியப்புறம் 3 மணிபோல பிளாஸ்ரிக் எரியிற நாத்தம். எழும்பிப் பாத்தா மல்ரி பிளக் சுவரில குத்தின இடம் பழுப்பாகி உருகிக் கிடக்கு. அதோட கழட்டிப் பாயில போட்டிருந்த லைற் பற்றறி ஒண்டு தொடேலாத சூடு, அதுக்குக் கீழ பாய் அஞ்சு ரூபாக் குத்தியளவு கருகிப்போச்சு. மகள் அந்தப் பாயிலதான் படுக்கிறவள், அண்டைக்கு அம்மம்மாவோட படுத்திட்டாள். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை வரேல்ல.

இன்னும் ஒரு மாசத்தில விதைப்பு, பிறகு மிசின், லைற் எல்லாம் ஒவ்வொரு நாளும் வேணும். பின் தகர அறைக்கு மாத்தினா சரிவருமோ? இரும்புப் பெட்டி நல்லதெண்டும் ஒருத்தர் சொன்னவர். வீட்டில ட்ரிப் சுவிச் இருக்கு, அது காணுமோ?

மாங்குளம்_மச்சான்:
யானையிட்டத் தப்பினாலும் லைற்றிட்டத் தப்பேலாது போல கிடக்கு 😄 நான் எல்லாத்தையும் ட்ரங்குப் பெட்டிக்குள்ள வைச்சு, மூடிப் பூட்டிப் போட்டுத்தான் சார்ஜ் போடுறனான். மூண்டு வருசம், ஒண்டும் நடக்கேல்ல.

வயரிங்_பரந்தன்:
தம்பி, உங்கட வீட்டில ஒரே இரவில ரெண்டு வேற வேற பிழை நடந்திருக்கு, ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ.

முதல் மல்ரி பிளக். எல்லாரும் லோட் கூடிப்போச்சு எண்டுதான் சொல்லுவினம். கணக்கைப் பாருங்கோ, ட்ரில் சார்ஜர் 80 வாட்ஸ், மருந்து மிசின் 25, போன் மூண்டும் 60, மிச்சச் சில்லறையையும் சேர்த்தாக்கூட 200 வாட்ஸ் வராது, 230 வோல்ட்டில அது ஒரு அம்பியருக்கும் குறைவு. 13 அம்பியர் பொயின்ற் அதுக்கு உருகாது. உருகினது லூசால. சதுரப் பின் பொயின்ற்றுக்குள்ள ரெண்டு பின் உருண்டைப் பிளக்கை எர்த் ஓட்டையில பேனையை விட்டுத் திறந்து குத்திறது, எங்கட பக்கம் இதைச் செய்யாத வீடு இருக்கே? அப்பிடிக் குத்தினா பின் உள்தகட்டில ஒரு முனையிலதான் தொடும், அந்த இடத்தில பொறி பறந்து சூடாகும், சூட்டில தகடு இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சூடு. அந்தப் பொயின்ற்றையும் மாத்துங்கோ, மல்ரியை மட்டும் மாத்தினா புதுசும் உருகும். பிளக்கைக் கழட்டேக்க பின்னைத் தொட்டுப் பாருங்கோ, சுட்டா அந்த இடம் பழுது.

மற்றது பற்றறி. அதை வெளியில கொண்டுபோய் வைச்சு, நல்லா ஆறின பிறகு பாருங்கோ, மேல சுத்தின நிறத் தோல் மொட்டுப் பக்கம் கிழிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். கன பேர் அடிப்பக்கம் மட்டும்தான் மைனஸ் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். இல்லை, உடம்பு முழுக்க, மேல் தோள் வரைக்கும் மைனஸ்தான், நடுவில இருக்கிற அந்தச் சின்ன மொட்டு மட்டும்தான் பிளஸ். ரெண்டுக்கும் இடையில கிடக்கிறது ஒரு கடதாசி வட்டமும் அந்த மெல்லிய தோலும். தோல் கிழிஞ்ச இடத்தில ஒரு சாவியோ கம்பித்துண்டோ பட்டாக் காணும், சோட். காற்சட்டைப் பொக்கற்றில சில்லறையோட கொண்டு திரியிற ஆக்களைக் கண்டிருக்கிறன், சொன்னாலும் கேக்காயினம். உங்கட பற்றறியில 9900 எம்.ஏ.எச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் எண்ட அளவு) எண்டு அடிச்சிருந்தா அது சுத்தப் பொய். 18650 எண்ட அந்த அளவுக் குழாயில நல்ல சாமானே பெரும்பாலும் 3500க்குள்ளதான். கடைத் தராசில வைச்சுப் பாருங்கோ, நல்லது 45 கிராமுக்குக் கிட்ட நிக்கும், போலி சிலது 30க்கே வராது.

தகர அறை வேண்டாம். லித்தியத்தை 45 பாகைக்கு மேல சூடான இடத்தில சார்ஜ் ஏத்தக்கூடாது, இந்தப் புரட்டாதி வெயிலுக்கு மத்தியானம் தகரத்துக்குக் கீழ நீங்களே நிக்க மாட்டியள். பின் விறாந்தை இருந்தா அதுதான் நல்லது, தூவானம் அடிக்காத சுவர்ப்பக்கம். சீமெந்துக் கல்லு ரெண்டு வரி அடுக்கி மேல தரைக்குப் பதிக்கிற ரைல்ஸ் துண்டு ஒண்டைப் போடுங்கோ, அதுதான் மேசை, பலகை வேண்டாம். சாக்கு, தறப்பாள், மண்ணெண்ணெய்க் கான் ஒண்டும் கிட்ட இருக்கக்கூடாது, வெளியில ஓடுற வாசலுக்குக் குறுக்க வைக்கவும் கூடாது. ஈயப் பற்றறி மிசினைக் கொஞ்சம் தள்ளிக் காத்தோட்டத்தில வையுங்கோ, சார்ஜ் ஏறேக்க ஐதரசன் வாயு வரும். போன், லைற் எல்லாத்துக்கும் இடையில ஒரு சாண் விடுங்கோ.

ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் எர்த்துக்குக் கசிஞ்சா விழும், ஆளைக் காப்பாத்தும். அது கட்டாயம் இருக்கவேணும், மாசத்துக்கு ஒருக்கா அந்த ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கோ. ஆனா 4 வோல்ட் பற்றறி பாயில கிடந்து எரியிறது அதுக்குத் தெரியவே தெரியாது.

மச்சான், பூட்டின பெட்டிக்குள்ள சார்ஜ் போடுறதை விடுங்கோ. சூடு வெளியேறாது, ஒண்டு வாயு கக்கத் தொடங்கினா மூடி பறக்கும். பெட்டி சும்மா வைக்கிறதுக்குச் சரி, அதுவும் மூடியைப் பூட்டாமல்.

மாங்குளம்_மச்சான்:
மூண்டு வருசம் நடக்காதது இனி நடக்குமோ எண்டு கேக்க வெளிக்கிட்டு, பெட்டியைத் திறந்து பாத்தா ஒரு பற்றறி வயிறு ஊதிக் கிடக்கு. கதையை விடுவம். உதை என்ன செய்யிறது?

வயரிங்_பரந்தன்:
குத்தாதேங்கோ, அமத்தாதேங்கோ, திருப்பிச் சார்ஜ் போடாதேங்கோ. முனையளுக்கு ரேப் ஒட்டி ஒரு மண்சட்டியில வைச்சு வெளியில, வெயில் படாத இடத்தில வையுங்கோ, பிறகு மின்கழிவு எடுக்கிற இடத்தில குடுங்கோ. வளவு மூலையில குப்பையோட கொளுத்திறதோ கிடங்கில புதைக்கிறதோ வேண்டாம்.

விசுவமடு_அக்கா:
வெயில் எண்ட உடன எங்கட மாமியின்ர ஞாபகம் வந்திட்டுது. தொண்ணூறுகளில எங்கட பக்கம் பொருளாதாரத் தடை இருந்த நேரம் பற்றறி ஒண்டும் உள்ள வராது, ஆக்கள் ரேடியோப் பற்றறியை வெயிலில காயவைச்சு, பிறகு ஆணியால ஓட்டை போட்டு உப்புத் தண்ணி விட்டு, அதுவும் முடிய சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி செய்தி கேட்டவை. சைக்கிள் சுத்திறது சின்னப் பிள்ளையளின்ர வேலை, நானும் சுத்தினனான், சுத்து குறைஞ்சா வாசிக்கிறவரின்ர குரல் இழுபடும், உடன திண்ணையில இருந்து பேச்சு விழும்.

மாமிக்கு அந்தப் பழக்கம் இண்டைக்கும் போகேல்ல. லைற் மங்கினா நான் காணாத நேரம் பற்றறியைக் கழட்டிச் சுளகில போட்டு முத்தத்தில வைச்சிடுவா. ஒரு நாள் மிளகாயோட மிளகாயாக் கிடந்து எடுத்தனான், கை சுட்டுப்போச்சு. அந்தக் காலப் பற்றறிக்கு அது ஏதோ உதவினது, இப்ப லித்தியத்துக்கு வெயிலும் ஆணியும் நெருப்பு வைக்கிற மாதிரி எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். வீட்டில வயசான ஆக்கள் இருந்தா இதையும் ஒருக்கா சொல்லிவையுங்கோ.

ஒட்டுசுட்டான்_வயல்:
எல்லாருக்கும் நன்றி. அண்ணை சொன்னது சரி, மொட்டுப் பக்கம் தோல் கிழிஞ்சுதான் கிடக்கு, பாய்க்குக் கீழ மகளின்ர கொண்டைக் கிளிப் ஒண்டும் கிடந்தது. தராசில 31 கிராம். லைற்றுக்குப் புதுப் பற்றறி தேடுறன்.

இனி இரவில போடாமல் பின்னேரம் 5க்குக் குத்தி 9க்குக் கழட்டுவம் எண்டு நினைக்கிறன், டைமர் ஒண்டு வாங்கினா நல்லதோ? மற்றது, தப்பித்தவறி எரிஞ்சா தண்ணி ஊத்தக்கூடாதெண்டு தம்பி சொல்லுறான், உண்மையே?

வயரிங்_பரந்தன்:
சுத்திற டைமர் கரண்ட் நிண்டா தானும் நிண்டிடும், ஒரு மணித்தியாலம் கட் ஆனா ஒரு மணித்தியாலம் பிந்திப்போகும், அதை நம்பிப் படுக்காதேங்கோ. நீங்கள் முழிச்சிருக்கிற நேரம் போடுறதுதான் முதல் பாதுகாப்பு. இடி முழக்கம் கேட்டா கழட்டிவிடுங்கோ, ஐப்பசியில எத்தினை சார்ஜர் போகுது எண்டு எனக்குத்தான் தெரியும்.

தண்ணி ஊத்தலாம், ஆனா முதல் மெயினை நிப்பாட்டிப்போட்டு. தம்பி சொல்லுறது தனி லித்தியம் உலோகத்துக்கு, போன், லைற் பற்றறிக்கு அல்ல. அது உள்ளுக்கிருந்து சூடாகிறபடியால் ஒரு கோப்பை காணாது, வாளி வாளியா ஊத்திக் குளிர்மையாக்கவேணும், அணைஞ்சாலும் திருப்பிப் பத்தும். புகை நஞ்சு. அறைக்குள்ள பத்தினா வீரம் காட்டாமல் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

ஒட்டுசுட்டான்_வயல்:
விறாந்தையில கல்லு அடுக்கியாச்சு. இப்ப ஒரு சிக்கல், மருந்து மிசின் ரெண்டின்ர சார்ஜரும் ஒரே கறுப்பு, ஒரே பின், எது எதுக்கெண்டு அம்மா கலந்துபோட்டா.

வயரிங்_பரந்தன்:
ஐயோ, அதை மாறிக் குத்தினா எல்லா வேலையும் வீண். பின் அளவை நம்பாதேங்கோ, லப்ரொப் சார்ஜர் 19 வோல்ட்டும் சிலவேளை அதே ஓட்டைக்குள்ள போகும். சார்ஜரின்ர முதுகில அவுட்புட் எண்ட வரியைப் பாருங்கோ, 12.6 எண்டிருந்தா மூண்டு செல் லித்தியம். 14 சொச்சம் எண்டா ஈயமா இருக்கும், ஆனா 14.6 லித்தியம் பொஸ்பேற் எண்ட வேற வகை லித்தியத்துக்கும் வரும், அதால மிசின் பற்றறியில என்ன அடிச்சிருக்கெண்டும் பாருங்கோ. ரெண்டு லேபிளையும் கிட்டவாப் படம் எடுத்து இதில போடுங்கோ, நான் பாத்துச் சொல்லும் வரைக்கும் ரெண்டையும் குத்தாதேங்கோ.