ஹெட்போனில் குரல் பிந்தி வருகிறது: ரீப்பர், 22 ட்ராக், 47 ப்ளகின்

வெஸ்ட்ரி ரெக்கார்டிங் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் ஒரு கிராமத்து ஆலயத்தில் எங்கள் பாடகர் குழுவுக்கு நான்தான் ரெக்கார்டிங் செய்கிறேன். பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் எட்டுக் கீர்த்தனைகளை முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு முடிந்தது, மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

ஸ்டுடியோ எதுவும் கிடையாது. வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை) ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஒரு கண்டென்சர் மைக், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், அதில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர். ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பாட வைத்து எடுக்கிறேன். ஆர்மோனியம், தபலா, கீபோர்டு எல்லாம் சேர்த்து 22 ட்ராக். ஒவ்வொரு குரலுக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர், டீ-எஸ்ஸர், ரிவெர்ப் (மண்டபத்து எதிரொலி) என்று நான்கு எஃபெக்ட் போட்டிருக்கிறேன். எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் ஒரு லீனியர் ஃபேஸ் ஈக்யூ, அதற்குப் பின்னால் லிமிட்டர். எண்ணிப் பார்த்தேன், இப்படி எஃபெக்டுக்காகச் சேர்த்த குட்டி சாஃப்ட்வேர்கள், அதாவது ப்ளகின், மொத்தம் 47.

பிரச்சினை இதுதான். பாடுகிறவர்களுக்கு ஹெட்போனில் அவர்கள் குரலே பிந்தி வருகிறது. ஆல்ட்டோ பாடும் எங்கள் பெரியம்மா முப்பது வருஷமாகக் குழுவில் இருக்கிறவர். ஒரு நாளும் தாளம் தப்பாதவர், நேற்று ஆறு டேக் எடுத்தும் பிடி கிடைக்காமல், "எனக்கு வயசாயிட்டுப்பா" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, என் செட்டப்பில்தான் தப்பு. அது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

ரிவெர்ப்பை எடுத்துவிட்டால் அவர்களுக்குப் பாட வரவில்லை. கோயில் மண்டபத்தில் பாடிப் பழகிய தொண்டைகள், காய்ந்த குரலைக் கேட்டால் சுருதி இறங்குகிறது. என்ன செய்யலாம்?

கோவை மிக்ஸ்

பஃபர் சைஸை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவைப் பாருங்கள் ப்ரோ. 512, 1024 என்று இருந்தால் 128க்குக் குறையுங்கள். விண்டோஸில் தாமதம் குறைவான ஏஎஸ்ஐஓ டிரைவர்தான் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டர்ஃபேஸோடு வந்த டிரைவரே நல்லது, இல்லையென்றால் ஏஎஸ்ஐஓ4ஆல்.

வெஸ்ட்ரி ரெக்கார்டிங்

நன்றி ப்ரோ. இன்டர்ஃபேஸோடு வந்த ஏஎஸ்ஐஓ டிரைவர்தான். 1024ல் இருந்தது, 128க்கு மாற்றினேன். இப்போது சடசடவென்று சத்தம் அறுகிறது, ஆனால் குரல் இன்னும் பிந்தித்தான் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் எனக்குப் புரியவில்லை. டாஸ்க் மேனேஜரில் சிபியு 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை.

நாகர்கோவில் அக்கா

தம்பி, நானும் கோயில் பாட்டில் ஆரம்பிச்சவதான், பதினாலு வருஷமா இதே வேலை. உங்ககிட்ட ரெண்டு கோளாறு ஒண்ணா இருக்கு. சேத்துப் பாக்கிறதாலதான் குழப்பம்.

முதல்ல தாமதம். 48000 சாம்பிள் ரேட்டில், அதாவது விநாடிக்கு 48000 சாம்பிள் எடுக்கிறப்போ, 128 சாம்பிள் பஃபர்னா 2.7 மில்லி செகண்ட். உள்ள வர ஒரு தடவை, வெளிய போக ஒரு தடவை, இன்டர்ஃபேஸ் தன் பங்குக்கு எடுத்துக்கிறது கொஞ்சம். எல்லாம் பத்துக்குள்ள அடங்கிரும், அதுக்கு யாருக்கும் தாளம் தப்பாது. 1024ன்னா ஒரு வழிக்கே 21, போக வர 43. சத்தம் ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும், அப்போ 43க்குக் கிட்டத்தட்ட 15 மீட்டர். பீடத்துகிட்ட நின்னு பாடுறவங்க தன் குரலை வாசல் பக்கம் இருந்து கேக்கிற மாதிரி.

ஆனா 128லயும் பிந்துதுன்னு சொல்றீங்க. அப்போ அது பஃபர் வேலை இல்ல. மாஸ்டரில் இருக்கிற அந்த லீனியர் ஃபேஸ் ஈக்யூவைத் திறந்து, எஃபெக்ட் ஜன்னலோட அடியில பாருங்க. சிபியு சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை சாம்பிள்னு ஒரு எண் இருக்கும். பூஜ்யமா இருந்தா அந்த ப்ளகின் நேரமே எடுத்துக்கலைன்னு அர்த்தம். ஆயிரக்கணக்கில் இருந்தா அதுதான் உங்க பெரியம்மாவை அழ வச்சது.

இந்த மாதிரி ஈக்யூ, இனி வரப்போற சத்தத்தையும் சேத்துப் பாத்துதான் வேலை செய்யும். வரப்போறதைப் பாக்கணும்னா காத்திருந்துதானே ஆகணும்? முன்கூட்டிப் பாக்கிற லிமிட்டரும் அப்படியே, அது எடுக்கிற நேரம் கம்மி, அவ்வளவுதான். ஏற்கெனவே பதிவான ட்ராக்குக்கு இதால ஒண்ணும் இல்ல, ரீப்பர் கணக்குப் போட்டு எல்லாத்தையும் ஒண்ணுபோல நிறுத்திரும். ஆனா அந்த நிமிஷம் மைக்கில் பாடுற குரலும் மாஸ்டர் வழியாத்தானே ஹெட்போனுக்கு வருது? அந்தக் காத்திருப்பு அது தலையிலயும் விழும். பஃபரை 64க்கு இறக்கினாலும் போகாது.

அதனால மாஸ்டரில் இருக்கிற ரெண்டையும் ரெக்கார்டிங் முடியுற வரைக்கும் ஆஃப்லைன் பண்ணுங்க, அதாவது ராமில் இருந்தே இறக்கி வைங்க. ப்ளகின் பேர் மேல கன்ட்ரோல், ஷிஃப்ட் ரெண்டையும் பிடிச்சுக் கிளிக் பண்ணினா ஆஃப்லைன். வெறும் ஷிஃப்ட் கிளிக்னா பைபாஸ், அதில் ப்ளகின் ராமில் அப்படியே உக்காந்திருக்கும். 8 ஜிபி மிஷினுக்கு இந்த வித்தியாசம் பெருசு. ஆஃப்லைன் பண்ணினாலும் நீங்க வச்ச செட்டிங் எதுவும் அழியாது, பயப்படாதீங்க.

அடுத்து சடசட. சிபியு 30ன்னு காட்டுறது மொத்தக் கணக்கு. ஒலிக்கு அந்தக் கணக்கு உதவாது. 128 பஃபரில் ஒவ்வொரு 2.7 மில்லி செகண்டுக்குள்ளயும் அந்தத் துண்டு முடிஞ்சு வெளிய போயாகணும். ஒரு துண்டு பிந்தினாலும் சத்தம் அறுந்துரும். வியூ மெனுவில் பெர்ஃபாமன்ஸ் மீட்டர்னு இருக்கு, அதைத் திறந்து வச்சுக்கோங்க. எந்த ட்ராக் எவ்வளவு தின்னுதுன்னு வரிசையா காட்டும்.

இப்போ ஒண்ணு கேக்கேன். முதல்ல பாடினவங்க ட்ராக்கில் சிவப்பு ரெக்கார்ட் பொத்தானை அணைச்சீங்களா? ஆறு குரலுக்கும் எரிஞ்சுகிட்டே இருக்கும்னு நினைக்கேன். அசனத்துக்கு (கோயில் விருந்து) சோறு முந்தியே வடிச்சு வச்சிருவோம், தோசைன்னா ஆள் உக்காந்த பிறகுதான் ஊத்தணும் இல்லையா? ரீப்பரும் அப்படித்தான். பதிவான ட்ராக்குகளோட எஃபெக்டை ஓய்வான நேரத்தில் முன்கூட்டியே முடிச்சு வச்சுக்கும். ஆனா சிவப்பு எரிஞ்சு மானிட்டரும் (மைக் சத்தத்தை ஹெட்போனுக்கு விடுறது) ஆன்ல இருந்தா, "இதில் நேரடியா சத்தம் வரும்"னு நினைச்சு அந்த நிமிஷத்துக்கு அந்த நிமிஷம் வேலை பார்க்கும். ஆறு ட்ராக், நாலு நாலு ப்ளகின். இருபத்திநாலு தோசை ஒரே கல்லில் ஊத்தினா எப்படி? பாடுறவங்க ட்ராக்கில் மட்டும் சிவப்பு இருக்கட்டும்.

ரிவெர்ப் விஷயத்தில் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. காய்ந்த குரலில் கோயில் ஆட்களால பாட முடியாது, அதைப் பிடிவாதம்னு சொல்ற ரெக்கார்டிங்காரங்களை எனக்குப் பிடிக்காது. ஆனா ஆறு குரலுக்கு ஆறு ரிவெர்ப் வேண்டாம். புதுசா ஒரு ட்ராக், அதில் ஒரே ஒரு ரிவெர்ப், ரீப்பரோட வர்ற ரியாவெர்பேட்டே போதும். அதில் 'வெட்' (எதிரொலி) அளவை மேல வச்சு 'டிரை' (நேர்க்குரல்) அளவை அடியோட இறக்கிருங்க. ஆறு குரலில் இருந்தும் அதுக்கு ஒரு சென்ட், அதாவது குரலை அங்கயும் அனுப்புற வழி. ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு வேணுமோ அந்த சென்ட்டிலயே கூட்டிக் குறைக்கலாம். ஆறு பேரும் ஒரே மண்டபத்தில் நிக்கிற மாதிரியும் இருக்கும்.

இதுக்கும் மேல ஒண்ணு உண்டு, நான் இப்படித்தான் எடுக்கேன். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் குமிழ் இருக்கும். அதைத் திருப்பினா குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே ஹெட்போனுக்கு வந்துரும், தாமதம் இல்ல. அப்புறம் ரீப்பரில் பாடுறவங்க ட்ராக்கோட மாஸ்டர் சென்ட்டை மட்டும் அணைங்க, ரிவெர்ப் சென்ட்டை விட்டுருங்க. மானிட்டர் ஆன்லயே இருக்கட்டும். இப்போ நேர்க்குரல் இன்டர்ஃபேஸில் இருந்து உடனே வரும், ரிவெர்ப் மட்டும் கம்ப்யூட்டரைச் சுத்திக் கொஞ்சம் பிந்தி வரும். மண்டபத்தில் எதிரொலி எப்பவுமே பிந்தித்தானே வரும்? யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 256 பஃபரில் கூட தைரியமா எடுக்கலாம். மிக்ஸ் பண்ணும்போது மாஸ்டர் சென்ட்டை மறுபடி ஆன் பண்ண மறக்காதீங்க, இல்லன்னா குரலே கேக்காது.

ஒரு எச்சரிக்கை. ரெக்கார்ட் பொத்தான் பக்கத்தில் இன்புட் எஃபெக்ட்னு ஒரு இடம் இருக்கும். அங்க போட்டது ஃபைலிலயே பதிஞ்சிரும், பிறகு எடுக்கவே முடியாது. ட்ராக் எஃபெக்ட் அப்படி இல்ல, எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். ஒரு ஈஸ்டர் பாட்டுக்கு நான் தெரியாம ரிவெர்ப்பை இன்புட்டில் போட்டு எடுத்துட்டேன். பாடினவர் அதுக்குள்ள பஹ்ரைனுக்குத் திரும்பிட்டார். அந்தப் பாட்டு இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு, கேக்கிறப்பெல்லாம் வலிக்கும்.

யாழ் கூத்துப்பாட்டு

தம்பி, அக்கா சொன்னது நல்லா விளங்குது. நான் ஓடாசிற்றி எண்ட பதிவு மென்பொருள்தான் பாவிக்கிறனான், எங்கட ஊர்க் கூத்துப் பாட்டுகளை வயசான அண்ணாவிமாரிட்டை (கூத்துப் பழக்கிற ஆக்கள்) இருந்து பதிஞ்சு வைக்கிறன். அதைப் பாவிக்கிற ஆக்களும் இதை வாசிப்பினம் எண்டதால ரெண்டு விசயம் சொல்லிட்டுப் போறன்.

2022இலை 3.2 வந்தாப் பிறகுதான் ஓடாசிற்றியிலை நேரலை எஃபெக்ட் எண்டு ஒண்டு வந்தது. அதுக்கு முன்னம் எஃபெக்ட் போட்டா அலைவடிவமே மாறிப்போகும், சேமிச்சு மூடினாப் பிறகு திருப்ப ஏலாது. இப்ப ட்ராக்கிலை இருக்கிற எஃபெக்ட்ஸ் பொத்தானை அமத்திச் சேர்த்தா, பாட்டு ஓடிக்கொண்டிருக்கேக்கையே கூட்டிக் குறைக்கலாம், இழுத்து வரிசையையும் மாத்தலாம். மாஸ்டருக்கும் போடுற வசதி 3.6இலை வந்தது. ஏற்றுமதி செய்யேக்கை எல்லாம் தானாச் சேரும்.

ஆனா பாடேக்கை அந்த எஃபெக்ட் ஹெட்போனிலை கேக்காது, பதிஞ்சதைப் போட்டுக் கேக்கேக்கைதான் வரும். இரைச்சல் நீக்குறதும் நேரலையிலை இல்லை. அண்ணாவிமார் ஹெட்போனே போடமாட்டினம் எண்டபடியால் எனக்கு உது பிரச்சினை இல்லை. உங்களுக்கு ரிவெர்ப்போடை பாடவேணும் எண்டால் ரீப்பரை விடாதேங்கோ. பெரியம்மாவைத் திருப்பிக் கூப்பிட்டுப் பாட வையுங்கோ தம்பி, அவ வயசு போனதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கக் கூடாது.

வெஸ்ட்ரி ரெக்கார்டிங்

அக்கா, கண்டுபிடித்துவிட்டேன். மாஸ்டரில் அந்த ஈக்யூவின் அடியில் 4096 என்று இருக்கிறது. 48000க்குக் கணக்குப் போட்டால் 85 மில்லி செகண்ட். எங்கள் கீர்த்தனை நிமிஷத்துக்கு 90 தட்டு, ஒரு தட்டுக்கு 667. அதாவது ஒவ்வொரு தட்டிலும் எட்டில் ஒரு பங்கு பிந்திய குரலைக் கேட்டுக்கொண்டுதான் பெரியம்மா பாடியிருக்கிறார். இரண்டையும் ஆஃப்லைன் செய்ததும் நானே பாடிப் பார்த்தேன், வாயில் வருவது காதில் அப்படியே வருகிறது.

சிவப்புப் பொத்தான் நீங்கள் சொன்னபடியே ஆறிலும் எரிந்துகொண்டிருந்தது. ஐந்தை அணைத்தேன், சடசட பெரும்பாலும் நின்றது. மிச்சம் இருந்ததைத் தேடினால் லேப்டாப் சார்ஜரில் இல்லாமல் பேட்டரி சேமிப்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சார்ஜர் போட்டு, பவர் செட்டிங்கை மாற்றி, வைஃபையையும் அணைத்த பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு சடசட கூட இல்லை. ரிவெர்ப்பை ஒரே ட்ராக்காக்கியதில் 47 ப்ளகின் 42 ஆனது. கீபோர்டு ட்ராக்குகள் இரண்டையும் ஃப்ரீஸ் செய்துவிட்டேன் (எஃபெக்டோடு ஒலி ஃபைலாக மாற்றி வைப்பது), அதில் சவுண்ட் லைப்ரரி ராமை நிறையப் பிடித்துக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்து அண்ணன், பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருகிறேன் என்றார்.

இன்னும் ஒரு சந்தேகம் அக்கா. அறையில் ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது. அதற்கு இரைச்சல் நீக்கும் ப்ளகினை அந்த ட்ராக்கில் இப்போதே போட்டு வைக்கலாமா?

கோவை மிக்ஸ்

நானும் இன்று கற்றுக்கொண்டேன், பஃபரைத் தாண்டி யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மிக்ஸுக்கு வேறு கம்ப்யூட்டருக்கு ப்ராஜெக்ட்டைக் கொடுப்பதாக இருந்தால், அங்கே அதே ப்ளகின் இல்லையென்றால் திறக்கும்போது அது காணோம் என்றுதான் வரும். ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்டோடு ஒரு தடவை, எஃபெக்ட் இல்லாமல் ஒரு தடவை தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.

நாகர்கோவில் அக்கா

இப்போ போடாதீங்க தம்பி. இரைச்சல் நீக்குற ப்ளகினும் அந்த ஈக்யூ மாதிரிதான், நிறைய நேரம் காத்திருக்க வைக்கும். மிக்ஸில் போட்டுக்கலாம். ஃபேனை அணைச்சுட்டு எடுங்க. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி யாரும் பேசாம பத்து விநாடி அறையோட சத்தத்தை மட்டும் பதிஞ்சு வைங்க, பிறகு அந்த ப்ளகினுக்கு எது இரைச்சல்னு காட்ட அது வேணும்.

பெரியம்மாவுக்கு ஒரு டேக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஃபேனைப் போட்டு விடுங்க. வெஸ்ட்ரி ஜன்னல்ல போர்வை கட்டியிருக்கீங்க, புழுங்கும்.