நேரே போனால் இறுகுது, ஒடித்துத் திரும்பினால் விட்டுவிடுது: 4 ஹையில் என்ன கோளாறு?

கேள்வி: டீசல்பிரியன்

வணக்கம். என்னுடையது பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் போடும்) நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய டீசல் வண்டி. செயின் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் சக்கரங்களை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருகும் ஹப் லாக்.

2 ஹையில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்போது, ஒரு குறையும் இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் 4 ஹை போட்டுக் கெட்டியான மண் சாலையில் நேராகப் போனாலே, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி வண்டி திணறுகிறது. கொஞ்ச தூரம் போனதும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், ஒரு குலுக்கல், மறுபடி இறுகிக்கொள்ளும். நிறுத்தி லீவரை 2 ஹைக்குத் தள்ளினால் அசையவே மாட்டேன் என்கிறது. சேற்றில் ஓரளவு ஓடுகிறது.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் இறுக்கம் போய்விடுகிறது. லீவரும் அப்போது சுலபமாக வந்துவிடுகிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பிரித்துவிடலாமா?

பதில்: லோரேஞ்ச்

பார்ட் டைம் என்றாலே அப்படித்தான் நண்பரே. நடுவில் வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் கிடையாது, முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திரும்பும்போது முன் சக்கரங்களுக்குத் தூரம் அதிகம், அந்த வித்தியாசம் முறுக்காகச் சேர்ந்துகொள்ளும். கெட்டியான தரையில் 4 ஹை போடாதீர்கள். லீவர் சிக்கினால் நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.

பதில்: மண்தடம்

நாலு டயரும் ஒரே சைஸா? முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்று இருந்தாலும் இப்படி இறுகும்.

பதில்: கிரவுன்பினியன்

லோரேஞ்ச் சொன்னது சரிதான், ஆனால் இவர் வண்டிக்குப் பொருந்தாது. கேள்வியின் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள். சாதாரண முறுக்கு நேராகப் போகும்போது தளரும், ஒடித்துத் திரும்பும்போது ஏறும். இவருக்கு நடப்பது அப்படியே தலைகீழ்.

டயரும் இல்லை. 29 அங்குல டயர் 8 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் சுற்றளவில் 2 சதவீதம்தான் குறையும். அதற்கு நேர் சாலையில் இவ்வளவு சீக்கிரம் 'டொக்' வராது.

டீசல்பிரியன் தம்பி, டிரான்ஸ்ஃபர் கேஸில் இப்போது கையே வைக்க வேண்டாம். பின் ஆக்சில் ஹவுசிங் (டிஃப்ரன்ஷியல் இருக்கும் கூடு) எப்போதாவது மாற்றினீர்களா? எனக்கு அங்கேதான் சந்தேகம்.

சரி, எண்ணிப் பாருங்கள். மெயின் கியர் நியூட்ரல், டிரான்ஸ்ஃபர் 2 ஹை. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் நல்ல கட்டை கொடுத்துவிட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் எடுத்திருக்க வேண்டும், அதனால்தான் கட்டை முக்கியம். பின் ஷாஃப்டின் ஃபிளாஞ்சில் (ஆக்சிலோடு போல்ட் போடும் வட்டத்தில்) சாக்பீஸ் கோடு, டயரிலும் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள், கூட இருப்பவர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணட்டும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் லாக்கரோ லிமிடெட் ஸ்லிப்போ இல்லாத டிஃப்ரன்ஷியலில், மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்கும்போது இந்தப் பக்கம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் (ஆக்சிலின் பெரிய பல்சக்கரம்) ஒரு சுற்று சுற்றும். அதனால் கிடைக்கும் எண்ணைப் பத்தால் வகுத்தால் அதுதான் ரேஷியோ, அதாவது கிரவுனின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை. முன்னாலும் இதே மாதிரி, ஆனால் இரண்டு ஹப்பையும் லாக் செய்துவிட்டு. இல்லாவிட்டால் ஷாஃப்ட் கணக்கே தப்பாக வரும்.

டீசல்பிரியன்

அண்ணே, எண்ணிவிட்டேன். முன்னால் சரியாக 41. பின்னால் 45 முடிந்து அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே.

பின் ஹவுசிங் மாற்றியது உண்மைதான். கிரவுன் பல் உடைந்ததால் பழைய ஹவுசிங் ஒன்றை அப்படியே வாங்கிப் போட்டோம். விற்றவர் 'அதே மாடல்தான், போல்ட் போட்டு ஓட்டு' என்றார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தது.

பதில்: கிரவுன்பினியன்

வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 4.10 என்பது 41 பல் கிரவுன், அதைச் சுழற்றும் 10 பல் பினியன். 4.56 என்பது அதே 41 பல் கிரவுன், 9 பல் பினியன். ஒரே ஒரு பல்தான் வித்தியாசம், அதுவும் உள்ளே பினியனில். ரேஷியோ அடித்த தகடு ஹவுசிங்கில் இருந்தால் அதைப் பார்க்கலாம். பழைய ஹவுசிங்கில் அது எங்கே இருக்கப்போகிறது.

இப்போது கணக்கு. இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகம். பின்னால் 4.56 என்பதால் பின் சக்கரம் மெதுவாகவும், முன் சக்கரம் சுமார் 11 சதவீதம் வேகமாகவும் சுற்றப் பார்க்கும். பத்துச் சுற்றுக்கு ஒரு முழுச் சுற்று ஏதாவது ஒரு டயர் வழுக்கியே ஆக வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும், கெட்டித் தரையில் வழுக்காது. அந்த முறுக்கெல்லாம் செயினிலும் ஷாஃப்டிலும் யூ ஜாயிண்ட் கிராஸிலும் ஏறும். தாங்காத இடத்தில் டயர் பிடியை விடும், அதுதான் உங்கள் 'டொக்'.

வளைவில் ஏன் தளர்கிறது? வீல்பேஸ் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் ஆக்சில் 5.55 மீட்டர் ஆரத்தில் போகும். அதாவது 11 சதவீதம் அதிக தூரம். உங்கள் முன் சக்கரம் கேட்பதும் அதே 11தான்! வண்டி முழு ஒடிப்பில் வட்டம் போட மட்டும் அளவெடுத்துச் செய்த மாதிரி ஆகிவிட்டது.

பதில்: லோரேஞ்ச்

இதை நான் யோசிக்கவே இல்லை. சென்டர் டிஃப்ரன்ஷியல் உள்ள வண்டியாக இருந்தால்?

பதில்: கிரவுன்பினியன்

1970இல் வந்த ரேஞ்ச் ரோவர், 1977இல் வந்த லாடா நிவா மாதிரி வண்டிகளா? லாக் போடாதவரை வெளியே தெரியாது. நேராகப் போகும்போதுகூட சென்டர் டிஃப்ரன்ஷியலின் ஸ்பைடர் கியர்கள் ஓயாமல் சுற்றித் தேயும். அது இன்னும் மோசம், சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

டீசல்பிரியன்

அப்போ பின்னால் 4.10 போடவா, முன்னாலும் 4.56 ஆக்கவா? அடுத்து 33 அங்குல டயர் போடும் எண்ணம் இருக்கிறது.

பதில்: கிரவுன்பினியன்

33 உறுதி என்றால் முன்னால் 4.56 போடுங்கள். 29இலிருந்து 33க்குப் போனால் 4.10 வேலைக்கு 3.60 மாதிரி ஆகிவிடும், ஏற்றத்தில் இன்ஜின் மூச்சு வாங்கும். பழைய இழுவை அப்படியே திரும்ப 4.67 வேண்டும், 4.56 அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. டயர் எண்ணம் வெறும் ஆசை என்றால் பின்னால் 4.10, வேலையும் ஒரு ஆக்சிலோடு முடியும். முன் டிஃப்ரன்ஷியல் கேஸ் 4.56 கிரவுனை ஏற்குமா என்று பாகம் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எதைப் போட்டாலும் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்குங்கள், பழைய ஒன்றோடு புது ஒன்றைச் சேர்க்காதீர்கள். பேக்லாஷ் (இரண்டின் பற்களுக்கும் இடையில் விடும் சிறு இடைவெளி) உங்கள் ஆக்சில் மேனுவலில் உள்ள அளவுக்கு. பல ஆக்சில்களில் அது 0.13 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பல்லில் மார்க்கிங் மை தடவி, படிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று நீங்களே கூட நின்று பாருங்கள். பினியன் கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கி பேரிங் இறுக்கத்தை நிறுத்தும் குழல்) கட்டாயம் புதுசு.

அதுவரை ஹப்பைத் திறந்துவிட்டு 2 ஹையில் மட்டும் ஓட்டுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய மாவு பரவாயில்லை, செதில் செதிலாக வந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னபடி பிரித்துச் செயினைப் பார்க்க வேண்டியதுதான்.