கிணற்றில் பெட்ரோல்: அளந்தவர்கள், வாடை பிடித்தவர்கள் வந்து சொல்லுங்கள்

கிணற்றுத்தவளை:
நானே ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், வட சென்னையில் ஒரு பழைய பெட்ரோல் பங்க். பூமிக்கடியில் இருந்த தொட்டி ஓட்டை. தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய மூன்று குழாய்க் கிணறாவது வேண்டும், அவை ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. நாங்கள் ஐந்து போட்டிருந்தோம். அளக்கும் நாடாவின் முனையில் ஒரு கருவி இருக்கும். எண்ணெயைத் தொட்டால் விடாமல் கத்தும், தண்ணீரைத் தொட்டால் விட்டு விட்டுக் கத்தும். இரண்டு சத்தத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் மிதக்கும் பெட்ரோலின் தடிமன்.

மேற்குப் பக்கக் கிணற்றில் 40 செ.மீ. பெட்ரோல் நின்றது. நான் தண்ணீர் தொட்ட ஆழத்தை மட்டும் எடுத்து, தண்ணீர் நகரும் திசையை அம்புக்குறியால் காட்டும் படம் போட்டுவிட்டேன். கடல் கிழக்கே இருக்க, என் அம்புக்குறி எல்லாம் மேற்கே அந்த ஒரு கிணற்றுக்குள் பாய்ந்தது. சீனியர் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஊர்த் தண்ணியெல்லாம் இந்த பங்குக்குள்ள வந்து விழுதா?" என்றார்.

விஷயம் இதுதான். மிதக்கிற பெட்ரோல் தன் எடையால் கிணற்றுத் தண்ணீரைக் கீழே அமுக்கிவிடும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.75. நாற்பதை அதால் பெருக்கினால் 30 செ.மீ., அதைத் தண்ணீர் மட்டத்தோடு கூட்ட வேண்டும். அந்தச் சமதரையில் கிணற்றுக்குக் கிணறு மட்ட வித்தியாசமே விரல்கடைக் கணக்குதான். கூட்டியதும் அம்புகள் கிழக்கே திரும்பின. அடுத்த கிணறு தோண்ட ரிக் வண்டிக்கு மேற்குப் பக்கத்துத் தெருவைத்தான் சொல்லி வைத்திருந்தேன்!

தண்டையார்பேட்டைக்காரி:
நான் அளந்தவள் இல்லை, குடித்தவள். 2013-ல் எங்கள் பகுதியில் குழாய் கசிந்து போர் தண்ணீரில் பெட்ரோல் கலந்தது நிறைய பேருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது மாமியார். "சாதத்துல மண்ணெண்ணெய் வாடை அடிக்குது" என்றார், நாங்கள் அவர் வயதைக் குறை சொன்னோம். அப்புறம் பக்கெட்டில் வானவில் நிறத்தில் படலம். மோட்டார் போடவே பயம், லாரித் தண்ணீர்தான். ஐப்பசி மழை வந்ததும் வாடை போய்விட்டது. சரி, விட்டது சனியன் என்று நினைத்தோம். சித்திரையில் மறுபடி அதே வாடை. எங்கேயிருந்து வருகிறது?

கிணற்றுத்தவளை:
எங்கேயும் போகவில்லை அக்கா, அங்கேயேதான் இருந்தது. மழையில் நீர்மட்டம் ஏறும்போது பெட்ரோல் மணல் இடுக்குகளில் துளித்துளியாகச் சிக்கிக்கொள்ளும், கிணற்றுக்குள் வடியாது. கோடையில் மட்டம் இறங்க இறங்க மணலிலிருந்து வடிந்து கிணற்றில் சேரும். நவம்பரில் அளந்து 'எண்ணெய் இல்லை' என்று எழுதிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவில் பொய் இல்லை, அளந்த மாதத்தில்தான் சூட்சுமம்.

சுன்னாகத்தான்:
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் மணல் இல்லை, சுண்ணாம்புக்கல். தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடும், அம்புக்குறி போட்டு அதைப் பிடிக்க ஏலாது. ஒரு வளவுக் கிணற்றில் எண்ணெய்ப் படலம், வேலிக்கு அங்கால சுத்தமான தண்ணீர். கிணறுகளில் எண்ணெய் என்ற பிரச்சினை பெரிதாக வெடித்த நாட்களில் அம்மா எங்கட கிணற்றை மூன்று தரம் இறைப்பித்தா. ஒவ்வொரு தரமும் இரண்டு நாள் நல்ல தண்ணீர், பிறகு வாளிக் கயிற்றில் பிசுக்கு. கடைசியில் பவுசரை (தண்ணீர் லாரியை) எதிர்பார்த்து வாசலில் குடங்களை அடுக்கி வைத்தோம். 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அங்கே மின் நிலையம் நடத்திய கம்பனியை நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அம்மா இப்பவும் வாளியை மணந்து பார்த்துத்தான் தண்ணீர் எடுப்பா.

பனிக்காட்டான்:
படிக்கும்போது அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி ஊர்ப் பக்கம் ஒரு வாரம் போயிருந்தேன். 1979 ஆகஸ்டில் அங்கே கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. அள்ளியது போக மீதி இன்னும் நீர்மட்டத்தின் மேல் கிடக்கிறது. 1983-லிருந்து அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அதை ஆராய்ந்துகொண்டே இருக்கிறது. எண்ணெயிலிருந்து தண்ணீரில் கரைந்து நகரும் பென்சீன் என்ற நச்சுப் பொருளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்பதால் அது வெகுதூரம் போகவில்லை. எனக்குக் கொடுத்த வேலை 40 மி.லி. குப்பியில் தண்ணீர் பிடிப்பது. மூடியதும் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி ஏறினாலும் பென்சீன் அதற்குள் போய்விடும், கொட்டிவிட்டு மறுபடி பிடி. விரல் மரத்துப்போய் முதல் நாள் ஒன்பது குப்பி கொட்டினேன்.

தண்டையார்பேட்டைக்காரி:
அப்போ எங்கள் போரை எந்த மாதம் அளக்கணும் தம்பி?

கிணற்றுத்தவளை:
மே கடைசியில் அக்கா. பம்பைக் கழற்ற ஆள் பார்த்து வையுங்கள், அக்கம்பக்கத்து மோட்டார்களையும் முந்தின நாளே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மோட்டார் ஓடினாலும் தண்ணீர் அந்தப் பக்கம் சாயும். நாடாவோடு நான் வருகிறேன்.