ஜூலை கடைசியில் 9 நாள் லீவ்: மொத்தமே 5 டைவ் அடித்த எனக்கு எந்தக் கடல் சரிவரும்?

கோவைத்தவளை:

வணக்கம். ஜனவரியில் ஹேவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) ஸ்கூபா டைவிங்கின் முதல் கட்டமான ஓப்பன் வாட்டர் சர்டிஃபிகேட் வாங்கினேன். இதுவரை 5 டைவ். முதல் நான்கும் பயிற்சி, கரையிலிருந்து நடந்தே இறங்கும் அமைதியான இடம், ஒரு பயமும் இல்லை.

வினை ஐந்தாவதில் வந்தது. சர்டிஃபிகேட் கையில் வந்த குஷியில் மறுநாளே வேறொரு டைவ் கடையில் ஃபன் டைவுக்கு, அதாவது பயிற்சி இல்லாமல் சுற்றிப் பார்க்கும் டைவுக்கு, பணம் கட்டினேன் (கடை பெயர் வேண்டாம்). படகில் என்னைத் தவிர எல்லோரும் நூறு டைவ் பார்த்த ஆட்கள். மூழ்குவதற்காக இடுப்பில் 10 கிலோ எடை பெல்ட் கட்டினார்கள், நான் 58 கிலோ. இறங்கியதும் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறது, மற்றவர்கள் சும்மா மிதந்து போகிறார்கள், நான் மட்டும் சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதைத்துக்கொண்டே இருந்தேன். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தால் முள் 50 பாரில் நிற்கிறது. 200இல் தொடங்கி 18 நிமிடம்தான் ஆகியிருந்தது. கைடு தன் சிலிண்டரோடு இணைந்த ஸ்பேர் ரெகுலேட்டரை (மூச்சு வாங்கும் வாய்க்கருவி) என் வாயில் கொடுத்து மேலே கூட்டி வந்தார். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் அதிகபட்ச ஆழம் 24 மீட்டர் என்று காட்டியது.

அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை, ஆனால் விடவும் மனசில்லை. தப்பு என்னுடையதா, இடத்துடையதா? ஜூலையில் எங்கே போகலாம்? மனதில் இருப்பவை மாலத்தீவு, பாலி, திரும்ப அந்தமான். கூடவே நீச்சல் தெரியாத கணவர், 7 வயதுப் பையன், அப்புறம் மாமியார்.

பழையதுடுப்பு:

உங்கள் தப்பு ஒன்றே ஒன்றுதான், படகிலேயே "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லாதது. மற்றதெல்லாம் கூட்டிப் போனவர்கள் கணக்கில் எழுத வேண்டியது. ஓப்பன் வாட்டர்காரருக்கு 18 மீட்டர்தான் எல்லை, நேற்றுத் தேறியவரை 24க்கு இறக்கியது அநியாயம்.

காற்று ஏன் பறந்தது என்று பார்ப்போம். 24 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 3.4 மடங்கு, 10 மீட்டரில் 2 மடங்கு. ஒரே மூச்சுக்கு அங்கே அத்தனை மடங்கு காற்று செலவாகும். அன்றைக்கு வாங்கிய அதே பதற்ற மூச்சை 10 மீட்டரில் வாங்கியிருந்தால்கூட 30 நிமிடம் ஓடியிருக்கும். அடுத்தது அந்த 10 கிலோ. உங்கள் எடைக்கு, மெல்லிய 3 மில்லிமீட்டர் உடைக்கு, அலுமினிய சிலிண்டரோடு நாலிலிருந்து ஆறு கிலோவுக்குள் முடிந்திருக்க வேண்டும். எடை கூடினால் மூழ்குவீர்கள், அதைச் சரிக்கட்ட, சிலிண்டரைத் தாங்கும் காற்று ஜாக்கெட்டில் காற்று அடிப்பீர்கள், மேல்பாதி தூக்கி இடுப்பு தொங்கி உடம்பு செங்குத்தாக நிற்கும். செங்குத்தாக நின்று நீந்துவது குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்க்காற்றில் ஓடுவது மாதிரி. சைக்கிள் மிதித்தேன் என்றீர்களே, அது இதுதான்.

அடுத்த முறை ஆழத்துக்குப் போகும் முன் மேலேயே எடை பாருங்கள். ஜாக்கெட்டைக் காலி செய்து, சாதாரண மூச்சைப் பிடித்து நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்தால் இன்னொரு இரண்டு கிலோ சேருங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றுக்கே ஏறக்குறைய அவ்வளவு எடை, கடைசியில் அது போய்விடும்.

இடத்துக்கு வருவோம். ஊர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹேவ்லாக்கிலேயே நீமோ ரீஃப் இருக்கிறது, குழந்தைபோல் நடந்து இறங்கலாம். அதே தீவிலிருந்து படகேறினால் டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று ஆழமும் நீரோட்டமும் உள்ள இடங்கள். கடைக்காரர் காலையில் எந்தப் பக்கம் படகைத் திருப்புகிறார் என்பதுதான் உங்கள் விடுமுறையைத் தீர்மானிக்கும். அந்தமான் ஜூலையில் வேண்டவே வேண்டாம், தென்மேற்குப் பருவமழை, கப்பல் ரத்தாகும், தண்ணீர் கலங்கியிருக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைமகன்89:

மாலத்தீவு லைவ்போர்டு போங்க, யோசிக்காதீங்க. ஒரு வாரம் படகிலேயே தூக்கம், தினம் 3 டைவ், சுறா, மந்தா திருக்கை எல்லாம் பார்த்துடலாம். வாழ்க்கையில் ஒருமுறை தானே.

பழையதுடுப்பு:

தம்பி, அந்த ஒருமுறை கடைசி முறையாகிவிடக் கூடாது. அங்கே சுறாவைக் காட்டுகிற இடங்கள் பெரும்பாலும் கந்து எனப்படும் வாய்க்கால்கள். கடல் முழுக்க அந்தச் சந்துகள் வழியே பவளத்தீவு வளையத்துக்குள் நுழைந்து வெளியேறும், அந்த ஓட்டம் இருப்பதால்தான் சுறா வருகிறது. நல்ல லைவ்போர்டுக்காரர்கள் அட்வான்ஸ்ட் சர்டிஃபிகேட்டும் 30, 50 டைவும் கேட்பதற்குக் காரணம் அதுதான். 5 டைவுக்கு ஏற்றிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்துதான் முதலில் ஓட வேண்டும். அப்புறம் இவர் மாமியாரை எந்தக் கட்டிலில் படுக்க வைப்பது?

மாலத்தீவு ஆகாது என்று சொல்லவில்லை. கரையை ஒட்டியே பவளத்திட்டு (ஹவுஸ் ரீஃப்) உள்ள தீவாகப் பிடித்து அங்கேயே சுற்றினால் புதியவருக்கும் சுகம்தான்.

சிங்கைச்சிப்பி:

ஜூலைக்கு மலேசியாவின் தியோமானும் நல்ல தேர்வு, கிழக்குக் கரைக்கு அப்போது மழைக்காலம் இல்லை (நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடிக் கிடக்கும்). நான் என் முதல் இருபது டைவை அங்கேதான் அடித்தேன். ஆனால் கோவையிலிருந்து விமானம், பஸ், மெர்சிங்கில் படகு என்று மாறி மாறி வர வேண்டும், பெரியவர்களோடு கஷ்டம்.

கல்கரை:

பாலி போவதென்றால் இரண்டு பெயரை மனதில் வையுங்கள், ஒன்று போக, ஒன்று போகாமலிருக்க.

போக வேண்டியது துலாம்பென். 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்து வந்து அந்தக் கரையில் தட்டவைத்திருந்தார்கள். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது சரிந்து கடலுக்குள் போனது. இன்றைக்குக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, மேல்பக்கம் 5 மீட்டர், அடிப்பக்கம் 30 மீட்டர். அதாவது உங்கள் ஆழத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், 12 மீட்டரில் நின்றாலும் பார்க்க எக்கச்சக்கம். ஓட்டையைப் பார்த்தால் உள்ளே நுழைய ஆசை வரும், நுழையாதீர்கள். படகே வேண்டாம். ஆனால் கரை முழுக்க உருண்டைக் கறுப்புக் கல், ஈரமானால் வழுக்கும். முதுகில் சிலிண்டரோடு நான் அங்கே தவழ்ந்துதான் ஏறினேன், பக்கத்தில் அந்த ஊர்ப் பெண்கள் தலையில் ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவதுபோல் போனார்கள். தடித்த அடியுள்ள காலணி கொண்டு போங்கள்.

போகாமலிருக்க வேண்டியது நுசா பெனிடா. படங்களில் அதைத்தான் காட்டுவார்கள், மந்தா, மோலா என்ற பெரிய சூரிய மீன் என்று. ஜூலை, ஆகஸ்டில் அங்கே அடித்தண்ணீர் 20 டிகிரிக்குக்கூட இறங்கும், நீரோட்டம் ஆளைக் கீழ்நோக்கி இழுக்கும் இடங்களும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மோசம். நீரோட்டத்தை எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் நீவாடு என்பார்கள். நீவாடு பார்க்காமல் வலை போட மாட்டார் என் தாத்தா, நாம் ஆளையே போடுகிறோம்.

திருமலையான்:

அக்கா, பக்கத்தில இருக்கிற எங்களை மறந்திட்டீங்களே! திருகோணமலைக்கு வாங்கோ. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான் காலம், ஜூலை கடைசி நல்லாப் பொருந்தும். (ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் எதிர்மாறு, நவம்பரிலிருந்து ஏப்ரல். இதைத் தெரியாமல் ஜூலையில் தெற்குக்குப் போய்க் கலங்கின தண்ணியைப் பார்த்திட்டுத் திரும்புற ஆக்கள் நிறையப் பேர்.)

நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில புறாமலைத் தீவு. உங்களுக்கு அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்ளேயே போதுமானது இருக்கு. மகனையும் கணவரையும் லைஃப் ஜாக்கெட் போட்டுத் தீவின் கரையோரம் விடலாம், முட்டளவு தண்ணியிலயே சின்னக் கருமுனைச் சுறாக்குட்டி வரும், ஒன்றும் செய்யாது. தேசியப் பூங்கா எண்டபடியால் நுழைவுக் கட்டணம் தனி. சனி, ஞாயிறு, பூரணை விடுமுறை நாட்களில போகாதேங்கோ, ஆக்கள் பவளத்தின் மேலயே ஏறி நிற்கிறதைப் பார்த்தால் வயிறு எரியும்.

மாமியாருக்குக் கோணேசர் கோயில் இருக்கு. கோயில் நிற்கிற அந்தச் சுவாமிமலைப் பாறைக்குக் கீழயும் டைவ் இருக்கு, போர்த்துக்கேயர் இடிச்ச பழைய கோயிலின் தூண்களும் கல்லுகளும் கடலுக்குள்ள கிடக்கிற இடம், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இறங்கிப் பார்த்தவை. அது முதல் நாளுக்கு வேண்டாம், பாறையில அலை அடிச்சுத் திரும்பும். இரண்டு மூன்று டைவ் சுகமாப் போனால் அமைதியான காலையாப் பார்த்துக் கேளுங்கோ. எங்கட பக்கம் வற்றுப்பெருக்கு (கடல் ஏறி இறங்குறது) குறைவு, காற்றைத்தான் பார்க்க வேணும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்ப முதல், விடியப்புறமே இறங்கி ஏறிடுங்கோ. மட்டக்களப்பில மூழ்கிக் கிடக்கிற ஹெர்மிஸ் கப்பல் இருக்கு எண்டு யாரும் ஆசை காட்டினால் கும்பிட்டு விடுங்கோ, அது 53 மீட்டரில கிடக்கு.

டைவ் அடிச்ச கையோட நுவரெலியாவுக்கு வாகனம் பிடிக்காதேங்கோ. அது 1,868 மீட்டர் உயரம், உடம்புக்கு விமானம் ஏறுகிற மாதிரித்தான்: டைவில உடம்பில கரைஞ்ச நைட்ரஜன், உயரத்தில அழுத்தம் குறைய, குமிழியாகிடும். முதல்ல மலை, பிறகு கடல் எண்டு திட்டம் போடுங்கோ.

கல்கரை:

ஆமாம், பாலியிலும் இதே தப்பு நடக்கும். பகலில் டைவ், நள்ளிரவில் பாத்தூர் மலையேற்றம் என்று பேக்கேஜே விற்கிறார்கள். பல டைவ் அடித்தால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம், நான் 24 விடுவேன்.

கோவைத்தவளை:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் குடைக்கு. ஆறு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். கோணேசர் பெயரைக் கேட்டதும் மாமியார் பெட்டி எடுத்துவிட்டார், ஆகவே திருகோணமலைதான்.

பழையதுடுப்பு சொன்னதை வைத்து அங்கே இரண்டு கடைகளுக்கு ஒரே கடிதம் எழுதினேன்: 5 டைவ், கடைசியில் பயந்துவிட்டேன், 12 மீட்டருக்குக் கீழே வேண்டாம், ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஒருவர் பத்தே நிமிடத்தில், "நோ ப்ராப்ளம் மேடம், எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று விலைப்பட்டியலை அனுப்பினார். மற்றவர் மறுநாள்தான் பதில் போட்டார், அதுவும் கேள்வியாக. கடைசியாக எப்போது இறங்கினீர்கள், எத்தனை கிலோ பெல்ட், காது அடைத்ததா, சளி, ஆஸ்துமா உண்டா, முதல் நாள் கரையோரத்தில் மாஸ்க் கழற்றிப் போட்டுப் பழக்கம் பார்க்கலாமா, உங்களோடு இன்னொருவர் மட்டும்தான் வருவார், சம்மதமா. இரண்டாமவருக்கே முன்பணம் அனுப்பிவிட்டேன். சரிதானே?

பழையதுடுப்பு:

சரி. கேஜை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள், 100 ஆனதும் கைடுக்குக் கை காட்டுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி போடுகிறவரா?

கோவைத்தவளை:

மைனஸ் 3. ஜனவரியில் எல்லாம் மங்கலாகத்தான் பார்த்தேன், கேஜ் உட்பட.

பழையதுடுப்பு:

இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் தாயே. பவர் வைத்த மாஸ்க் அவர்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், இல்லாவிட்டால் கோவையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.