ருமேனியாவுக்குப் போறதோ, முரசுமோட்டையில நிக்கிறதோ?

முரசுமோட்டையான்:
வணக்கம். ஊர் கிளிநொச்சி முரசுமோட்டை, வயசு 24. ருமேனியாவில கட்டட வேலை, ரெண்டு வருச ஒப்பந்தம் எண்டு ஒரு ஏஜென்சி 12 லட்சம் கேக்குது. அம்மா தாலிக்கொடியைக் கழட்டிக் கையில சுருட்டி வச்சுக்கொண்டு "போ மோனை" எண்டுறா. அப்பா வாய் திறக்கேல்லை, பின்னேரமானா ரெண்டு ஏக்கர் வயலையும் சுத்தி நடக்கிறார். வெளிநாடு பாக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்ய?

குளத்துவாய்க்கால்:
நில் தம்பி. 2009 இல உடுத்த உடுப்போட மெனிக்பாம் அகதி முகாமுக்குப் போய், திரும்பி வந்து பத்தை வெட்டி எடுத்த காணி. அதை விட்டிட்டு ஆற்றையோ நாட்டில சீமெந்து குழைக்கவோ? 12 லட்சத்துக்கு இஞ்சயே மாடு வாங்கலாம்.

பனிப்பொடியன்:
அண்ணை, கோவியாதேங்கோ. 2021 இல அரசாங்கம் ரசாயன உரத்தை நிப்பாட்ட, எங்கட வயல் மஞ்சளாப் போய்ப் படுத்தது. மழையில்லாத சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணியைப் பாத்துத்தான் கூட்டத்தில ஏக்கர் பிரிக்கிறவை. ரெண்டு ஏக்கர்காரனுக்கு அதில என்ன மிஞ்சும்?
நான் புக்கரெஸ்டில. இது ரெண்டாவது பனி மாரி. வந்த புதுசில கையுறை போடாமல் சாரக் கம்பியைப் பிடிச்சன், தோல் ஒட்டிப்போச்சு. சாப்பாட்டுக்கு மமலிகா எண்டு ஒரு மஞ்சள் களி, எங்கட சோளக்களிதான், உறைப்பில்லை. முல்ட்சுமெஸ்க் எண்டா நன்றி. அதைத் திருத்தமாச் சொன்ன அண்டைக்குத்தான் எங்கட மேசன் கிழவன் என்ர பேரைக் கேட்டது.

முறிகண்டி அக்கா:
ரெண்டு பேரும் தாலிக்கொடியை மறந்து போனியள். தம்பி, அந்த ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர உரிமம் இருக்கோ? ருமேனியாவுக்கு முதல்ல அங்கத்தை முதலாளி உன்ர பேரில வேலை அனுமதி எடுக்கோணும், பிறகுதான் விசா. அந்தப் பத்திரத்தைக் கண்ணால காணாமல் ஒரு சதம் குடுக்காத. என்ர தம்பியை வேலை விசா எண்டு சொல்லி விசிட் விசாவில ஏத்தி விட்டவை. இறங்கின இடத்திலயே திருப்பிப் போட்டாங்கள். நகை ஏலத்தில போச்சு.

குளத்துவாய்க்கால்:
பாத்தியளே! போற பொடியளும் ருமேனியாவில நிக்கிறாங்களோ? பிரான்சுக்கெல்லோ பாயிறாங்கள்.

பனிப்பொடியன்:
பாயிறவனுக்கு ரெண்டு பக்கமும் இல்லை. 2025 ஜனவரி 1 இல இருந்து ருமேனியா முழுசா ஷெங்கனுக்குள்ள, அதுதான் எல்லைச் சோதனையில்லாத ஐரோப்பிய நாடுகளின்ர கூட்டு. வதிவிட அட்டை இருந்தா 180 நாளில 90 நாள் மற்ற ஷெங்கன் நாடுகளைச் சுத்தலாம், ஆனா அங்க வேலை செய்யேலாது. நான் வியன்னாவுக்கு பஸ்ஸில போய் வந்தனான்.

குளத்துவாய்க்கால்:
ஊர் சுத்தவோ கடன் படுறது?

பனிப்பொடியன்:
ஏனண்ணை, வன்னியான் ஊர் சுத்தக்கூடாதோ? பரந்தன், விசுவமடு, மாத்தளன் எண்டு சின்னனில சுத்தினதெல்லாம் ஷெல்லுக்குப் பயந்து. திரும்பி வாற ரிக்கற்றும் கையில வச்சுக்கொண்டு வெளிக்கிட்டது அந்த வியன்னாப் பயணம்தான். பஸ்ஸில நித்திரையே வரேல்லை.

முறிகண்டி அக்கா:
அது நியாயம். எண்டாலும் கொரியாவையும் யோசி தம்பி. அது பணியகம் நேரா அனுப்பிறது, ஏஜென்சி இல்லை. மொழிப் பரீட்சை பாஸ் பண்ணோணும், அதுதான் கஷ்டம்.

முரசுமோட்டையான்:
அனுமதிப் பத்திரத்தைக் கேட்டன். "வரும் வரும், முதல்ல பாதியைக் கட்டும்" எண்டினம். அம்மா கொடியைத் திரும்பக் கழுத்தில போட்டிட்டா. அக்கா, கொரிய வகுப்பு கிளிநொச்சியில எங்க நடக்குது?