சராசரி சரியாக இருக்கிறது, வகுப்பில் ஆசிரியர் இல்லையே?

கேள்வி: வட்டாரச் சராசரி 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆனாலும் சில பள்ளிகளில் கணக்குக்கு ஆளே இல்லை. புதிய நியமனம் இல்லாமல், பணிநிரவலால் (உபரி ஆசிரியரைப் பற்றாக்குறைப் பள்ளிக்கு மாற்றுவதால்) மட்டும் சரிசெய்ய முடியுமா?

பதில் 1: ஓரளவுக்கு முடியும். முதலில் அந்தச் சராசரியை ஓரமாக வையுங்கள். ஒரு பள்ளியில் 40 மாணவர், 4 ஆசிரியர். இன்னொன்றில் 160 பேருக்கும் அதே 4. சராசரி 25தான், ஆனால் இரண்டாவதில் விகிதம் 40. பாடவாரியாகப் பாடவேளைகளை எண்ணுங்கள்: 6 பிரிவு, வாரம் 7 கணக்குப் பாடவேளை என்றால் 42. ஒருவர் 28தான் எடுக்க முடியும் என்றால் இருவர் தேவை. தலையை மட்டும் எண்ணினால் மொழியாசிரியர் உபரியும் கணக்காசிரியர் பற்றாக்குறையும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

பதில் 2: சிறு பள்ளிகளுக்கு விகிதமே பொருந்தாது. 18 குழந்தைகள்தான் என்றாலும் 5 வகுப்பு இருந்தால் இருவராவது வேண்டும். ஒருவர் விடுப்பெடுத்தால் பள்ளிக்கே பூட்டு. இடமாற்ற ஆணையைக் கல்வியாண்டின் நடுவில் போடாதீர்கள், இரண்டு பள்ளியிலும் பாடம் கெடும்.

பதில் 3: தொலைவுப் பள்ளிக்கு ஆசிரியரை அனுப்பிவிடலாம், அங்கே தங்கவைப்பதுதான் பாடு. கூடுதல் படித்தொகை மட்டும் கொடுத்தால் போதாது. குடியிருப்பும், குறித்த ஆண்டுகளுக்குப் பின் இடமாறுதலில் முன்னுரிமையும் வேண்டும். 2030க்குள் உலகுக்குக் கூடுதலாக 4.4 கோடி ஆசிரியர் தேவை என்கிறது யுனெஸ்கோ. அதில் பாதிக்குமேல் விலகுவோரின் இடத்தை நிரப்பவே.