அடையாள அட்டைப் படமும் ஆறடிப் பனரும்

கல்லடியிலிருந்து:
பனர் அடிக்கும் கடையொன்றில் டிசைன் செய்கிறேன். ஒரு அக்கா தகப்பனாரின் 31ஆம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பனர் கேட்டு வந்தார். உயரம் 6 அடி. இருந்ததோ ஒரே படம்: அடையாள அட்டையை யாரோ போனில் பிடித்து, வட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்தது. முகத்தை மட்டும் வெட்டினால் 300 பிக்சல், அதாவது 300 படப்புள்ளி அகலம். அதை 3 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு எட்டுப் பிக்சல்தான் வரும். தூரத்தில் நின்று பார்க்கிற பனருக்கே 72 இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

முதலில் பைக்யூபிக் முறையில் பெருப்பித்தேன். சுற்றியுள்ள 16 பிக்சலைப் பார்த்து இடைவெளியை நிரப்புவதால் ஓரங்கள் பல் பல்லாக நிற்கவில்லை. ஆனால் முகம் பனிக்குள் நின்றது. சரி, ஏஐயில் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். இமை மயிர்கூட எண்ணலாம்! நானே என்னை மெச்சிக்கொண்டேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது அப்பா இல்ல."

கன்னத்து மச்சத்தை அழுக்கென்று அது துடைத்திருந்தது. கண்ணும் வேறு யாருடையதோ.

பழைய லாமினேட் அட்டை வீட்டில்தான் இருந்தது. அதை எடுப்பித்து 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து, படத்தைச் சின்னதாக்கி, மிச்ச இடத்துக்குப் பூ வைத்தேன். மச்சம் தெரிந்தது.

கல்முனையிலிருந்து:
எனக்கு எழுத்தில் விழுந்தது அடி. கோயில் சடங்கு நோட்டீஸ் ஒன்றை ஸ்கேன் செய்து தந்து, அப்படியே பனராக்கச் சொன்னார்கள். ஏஐயில் கூர்மையாக்கினேன். 'ண'வில் ஒரு சுழி தொலைந்து, கண்ணகி அம்மன் 'கன்னகி' ஆகிவிட்டா. நல்ல காலம், பூசாரி ஐயா அச்சுக்குப் போகுமுன் கண்டார். இப்போது எழுத்தென்றால் பெருப்பிப்பதே இல்லை, பாமினி எழுத்துருவில் திரும்ப அடித்துவிடுவேன். எழுத்துருவுக்குள் இருப்பது வளைகோடுகள், நோட்டீஸிலும் பத்தடிப் பனரிலும் ஒரே கூர்மை. கோயில் சின்னத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் ட்ரேஸ் பண்ணுவேன், அதாவது படத்தை வளைகோடுகளாக மாற்றுவேன். முதலில் நாலு மடங்கு பெருப்பித்துவிட்டு ட்ரேஸ் பண்ணினால் வளைவுகள் ஒழுங்காக வரும். போட்டோவுக்கு இது சரிவராது.

கல்லடியிலிருந்து:
அந்தச் சுழிக் கதை எங்கள் கடையிலும் நடந்தது. அதைக் கண்டுபிடித்தது பனர் கட்டப் போன பெடியன்.